கையால் பின்னிக் கொடுப்பது வீண் வேலையா?

உங்கள் கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வேலை முடிந்து வந்தால் மனசுக்கு இதமாக இருக்கிறதென்று காணொளி பார்த்துக் குரோஷா, அதாவது ஒரே கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் வேலை, கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். இனி இரண்டு நீள ஊசிகளால் பின்னும் நிட்டிங்கும் கற்கலாமா என்று கேட்கிறீர்கள். தங்கைக்கு ஐந்து மாதத்தில் குழந்தை பிறக்கப்போகிறது, அதற்கு என்ன பின்னலாம் என்பது அடுத்தது. "இதெல்லாம் கடையில் மலிவாகவே கிடைக்குமே, எதற்கு இந்தப் பாடு" என்று வீட்டில் சொல்வதற்கு என்ன பதில் என்பது மூன்றாவது. ஆனால் நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனீர்களே, அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. தோழிக்கு இரண்டு மாதம் உட்கார்ந்து பின்னிக் கொடுத்த மஃப்ளரை அவர் ஒரு நாள்கூடப் போட்டு நீங்கள் பார்க்கவில்லை. அதனால் இந்த வேலையில் கிடைத்த சந்தோஷத்தின் மேலேயே உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பல வருடங்களாக இந்த இரண்டு கைவேலைகளையும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இதே வருத்தத்தோடு வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் நான் சொல்வது, பின்னும்போது கிடைக்கும் சந்தோஷம் ஒரு கணக்கு, பரிசு பயன்படுகிறதா என்பது வேறு கணக்கு. முதலாவது உங்களுக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது. தோழி மஃப்ளரை அலமாரியில் வைத்தார் என்பதற்காக அது திரும்பிப் போய்விடாது. இரண்டாவது பெரும்பாலும் நூல், அளவு, துவைக்கும் விதம் போன்ற சாதாரணக் காரணங்களால் தவறிப்போகிறது. அவற்றை அடுத்த முறை சரிசெய்துகொள்ளலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால்தான் ஊசியையே கீழே வைக்கத் தோன்றும்.

முதல் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "மனசுக்கு இதம்" என்பதோடு நிறுத்திவிட்டால் இந்த வேலையின் பாதி ருசி சொல்லாமலே போய்விடும். குரோஷாவில் வட்டம் போட்டிருப்பீர்கள். சிங்கிள் குரோஷே என்ற குட்டையான அடிப்படைப் பின்னலில் முதல் சுற்றுக்கு 6 கண்ணி (நூல் வளையம்), அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டாகப் போட்டு 12, பிறகு ஒன்று விட்டு ஒன்றில் கூட்டி 18, அப்புறம் 24, 30. இப்படி ஆறு ஆறாகக் கூட்டினால் வட்டம் மேஜையில் தட்டையாகப் படிந்து கிடக்கும். ஏன் ஆறு? சிங்கிள் குரோஷே கண்ணியின் அகலமும் உயரமும் ஏறக்குறைய சமம். வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி உயரம் வளர்ந்தால், சுற்றளவு π (3.14) என்ற எண்ணின் இருமடங்கு, அதாவது சுமார் 6.28 கண்ணி வளர்ந்தாக வேண்டும். நூலும் கையும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் ஆறு போதுமானதாகிவிடுகிறது. டபுள் குரோஷே கண்ணி ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம், அதனால் அங்கே சுற்றுக்குப் பன்னிரண்டு. (நான் சொல்வது அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டிஷ் பேட்டர்னில், அதாவது பின்னும் முறையை எழுதிய குறிப்பில், இதே சிங்கிளை டபுள் என்றும், டபுளை ட்ரெபிள் என்றும் எழுதுவார்கள். பேட்டர்ன் எந்த முறையில் எழுதியது என்று பார்க்காமல் தொடங்க வேண்டாம்.)

இப்போது கூட்டுவதை நிறுத்திப் பாருங்கள். அடுத்த சுற்றிலோ அதற்கடுத்த சுற்றிலோ ஓரம் மெல்ல எழும்பி, தட்டையாக இருந்தது கிண்ணமாகும். குறைக்க ஆரம்பித்தால் வாய் சுருங்கிப் பந்தாக மூடும். பொம்மையின் தலை, காது, யானையின் தும்பிக்கை எல்லாமே கூட்டுவது, நிறுத்துவது, குறைப்பது என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். சரி, ஆறுக்கும் மேலே கூட்டிக்கொண்டே போனால்? ஓரம் இடம் போதாமல் அலையலையாக மடியும். ஹைப்பர்பாலிக் தளம் என்று கணிதத்தில் ஒன்று உண்டு, எங்கே பார்த்தாலும் குதிரைச் சேணம் போல வளையும் பரப்பு. அதைத் தாளில் ஒட்டிச் செய்தால் சீக்கிரம் கிழிந்துவிடும் என்பதால், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த கணிதவியலாளர் டைனா டைமினா 1997இல் குரோஷாவில் பின்னிக் காட்டினார். கையில் பிடித்து மடித்துப் பார்க்கக்கூடிய உருவமாக அது மாணவர்களுக்குக் கிடைத்தது. பிறகு 2005இல் மார்கரெட் வெர்த்தைம், கிறிஸ்டின் வெர்த்தைம் என்ற சகோதரிகள் அதே உத்தியில் பவளப்பாறைகளைப் பின்னும் பெரிய கூட்டு முயற்சியைத் தொடங்கினார்கள். ஒரு நூலையும் ஒரு கொக்கி ஊசியையும் வைத்துக்கொண்டு வெறும் எண்ணிக்கையை மாற்றியே உருவத்தை மாற்றுகிறோம். இது புரிந்த நாளிலிருந்து பேட்டர்னைப் பார்த்துச் செய்கிறவர், தானே யோசித்துச் செய்கிறவராக மாறிவிடுகிறார். என் வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அதுதான்.

நிட்டிங் கற்கலாமா என்றால், கண்டிப்பாகக் கற்றுக்கொள்ளுங்கள். குரோஷாவில் திறந்த கண்ணி எப்போதும் ஒன்றே ஒன்றுதான். கொக்கி நழுவினாலும் அந்த ஒன்றுதான் பிரியும். நிட்டிங்கில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியில் திறந்தே நிற்கின்றன. ஒன்று நழுவினால் கீழே வரிசை வரிசையாக ஏணிப்படி போல இறங்கிவிடும். புதிதாகக் கற்கிறவர்கள் பதறிப்போவது இங்கேதான். ஆனால் அந்த ஏணியை ஏற்றிக் கொண்டுவர வேண்டிய கருவி குரோஷா ஊசிதான். ஒவ்வொரு படியையும் கொக்கியால் முன்னுக்கு இழுத்து மேலே கொண்டுவந்துவிடலாம். உங்களுக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் நிட் (நூலைப் பின்னால் வைத்துப் போடும் கண்ணி), பின்பக்கம் பர்ல் (நூலை முன்னால் வைத்துப் போடும் கண்ணி) என்று மாற்றி மாற்றிப் போடும் சாதாரணப் பின்னல் ஓரங்களில் தானாகச் சுருண்டுகொள்ளும். அது உங்கள் கையின் குறை கிடையாது, அந்தப் பின்னலின் குணமே அப்படி. இரு பக்கமும் நிட் மட்டும் போட்டால் துணி தட்டையாக இருக்கும். அதனால் முதல் துண்டை அப்படியே போட்டுப் பழகுங்கள்.

இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய அளவுக்கு வரவேண்டிய எதற்கும் நிட்டிங் நல்லது: காலுறை, குல்லா, ஸ்வெட்டர். நின்று பிடிக்க வேண்டிய பொம்மை, பை, விரிப்பு ஆகியவற்றுக்குக் குரோஷா. மெல்லிய நூலும் பெரிய ஊசியும் எடுத்தால் குரோஷாவிலும் வழிந்து விழும் துணி வரும் என்பதால் இதைக் கறாரான விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிட்டிங்கை எதற்காகக் கற்க வேண்டும் என்று ஒரே காரணம் கேட்டால் காலுறையின் குதிகாலைச் சொல்வேன். 64 கண்ணிகளில் குழாய் போல வளர்ந்துகொண்டிருக்கும். அதில் பாதியை, 32ஐ மட்டும் எடுத்துப் போகவும் வரவுமாகப் பின்னி ஒரு சிறு மடல் செய்வோம். அப்புறம் வரிசையை முடிக்காமலே நடுவைக் கொஞ்சம் தாண்டியதும் திரும்பிவிடுவோம். திரும்பி வரும்போதும் அப்படியே. ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணி கூடுதலாக எடுத்துக்கொண்டு திரும்பினால், சதுரமாக இருந்த மடலின் அடியில் ஒரு குழிவு விழும். விரலை உள்ளே விட்டுப் பார்த்தால் அது குதிகாலின் வளைவு. வெட்டும் இல்லை, தையலும் இல்லை. எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தாயிற்று, அந்தக் குழிவு விழும் நேரத்தில் இன்னும் நானே குனிந்து பார்க்கிறேன்.

மனசு அமைதியாகிறது என்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் எது உறுதி, எது அரைகுறை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். 2013இல் பிரிட்டனின் தொழில்வழிச் சிகிச்சை (அன்றாட வேலைகள் மூலம் நலம்பெற உதவும் துறை) ஆய்விதழ் ஒன்றில், நிட்டிங் செய்யும் 3,500க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய கேள்வித்தாள் ஆய்வு வெளியானது. அடிக்கடி பின்னுகிறவர்கள் அமைதியாகவும் மகிழ்ச்சியாகவும் உணர்வதாகச் சொன்னதில் தெளிவான தொடர்பு தெரிந்தது. ஆனால் பதில் சொன்ன எல்லாரும் ஏற்கெனவே இதை விரும்பிச் செய்கிறவர்கள். பிடிக்காமல் விட்டவர்களை யாரும் கேட்கவில்லை. பின்னுவதால் அமைதி வருகிறதா, அமைதியான நேரம் கிடைத்தவர்கள் பின்னுகிறார்களா என்பதை அப்படிப்பட்ட ஆய்வால் பிரிக்க முடியாது. ஞாபக மறதியைத் தடுக்கும், நோயைக் குணப்படுத்தும் என்றெல்லாம் சொல்வதை நான் வகுப்பில் சொல்வதில்லை. நான் கண்ணால் பார்ப்பது இவ்வளவுதான்: ஒரே மாதிரி வரிசைகள் போகும்போது மூச்சு சீராகிறது, கைபேசியை எடுக்கக் கை காலியாக இல்லை, ஒரு மணி நேரம் போனது கண்ணெதிரே சில அங்குலத் துணியாக இருக்கிறது. கஷ்டமான பேட்டர்னில் இது நடக்காது, அங்கே எரிச்சல்தான் வரும். அதனால் எப்போதும் இரண்டு வேலை கைவசம் இருக்கட்டும். ஒன்று யோசித்துச் செய்வதற்கு, இன்னொன்று யோசிக்காமல் செய்வதற்கு.

வீட்டில் சொல்வதில் ஒரு பாதி உண்மை. 20 சென்டிமீட்டர் அகலம், 150 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு மஃப்ளரை நிட்டிங்கில் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி, 28 வரிசை என்றால் 40 கண்ணி வீதம் 420 வரிசை, மொத்தம் 16,800 கண்ணி. நிமிடத்துக்கு 20 போட்டால் 14 மணி நேரம். இயந்திரத்தோடு இதில் போட்டி போட முடியாது. வில்லியம் லீ 1589இலேயே இங்கிலாந்தில் காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கிவிட்டார், அன்றிலிருந்து வேகத்தில் கை தோற்றுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் குரோஷாவின் கதை வேறு. கொக்கியை ஒரு கண்ணிக்குள் விட்டு நூலை இழுத்து, ஒவ்வொன்றையும் முடித்துவிட்டே அடுத்ததற்குப் போகும் அந்த வேலையைத் தொழிற்சாலைகள் இயந்திரத்துக்கு மாற்றவில்லை. கடையில் இருப்பது அதே மாதிரி தோன்றும் இயந்திரப் பின்னலாக இருக்கும், இல்லையென்றால் எங்கோ ஒருவர் உட்கார்ந்து கையால் போட்டதாக இருக்கும். நிஜமான குரோஷா உடை மிக மலிவாகக் கிடைத்தால், அந்தக் கைக்கு எவ்வளவு கூலி போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றபடி பணத்தை மிச்சம் பிடிக்க யாரும் இதைச் செய்வதில்லை என்று நேராகவே சொல்லிவிடலாம். நல்ல நூலின் விலையே பல சமயம் கடை ஸ்வெட்டரைத் தாண்டிவிடும்.

இனி தோழியின் மஃப்ளர். அவர் ஏன் போடவில்லை என்று இங்கிருந்து எனக்குத் தெரிய வழியில்லை, ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் காரணங்கள் சில உண்டு. முதலாவது அரிப்பு. கம்பளி இழை சுமார் 30 மைக்ரானை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தாண்டித் தடிப்பாக இருந்தால் அதன் நுனி தோலில் குத்தும். மெரினோ என்ற ஆட்டு வகையின் இழை அதைவிட மெல்லியது, அதனால்தான் கழுத்துக்கு ஒத்துவருகிறது. நூலை வாங்கும்போது விரலால் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், விரல் தோல் தடித்தது. உருண்டையைத் தாடைக்குக் கீழே கழுத்தில் வைத்து ஒரு நிமிடம் பிடித்தால் தெரிந்துவிடும். இரண்டாவது துவைப்பு. சாதாரணக் கம்பளியை வெந்நீரில் போட்டு அலசினால் இழையின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டி, துணி சுருங்கித் தடித்துப் போகும், திரும்பப் பழைய நிலைக்கு வராது. எல்லாத் துணியையும் ஒன்றாக மெஷினில் போடுகிறவருக்குக் கம்பளி கொடுத்தால் அவர் பயந்து எடுக்காமலே வைப்பார். அவருக்குப் பருத்தியோ, அக்ரிலிக்கோ, மெஷினில் துவைக்கும்படி பதப்படுத்திய சூப்பர்வாஷ் கம்பளியோதான் சரி. அக்ரிலிக்கை மட்டமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. சூடான இஸ்திரிப்பெட்டி மட்டும் அதன் மேல் படக்கூடாது, பட்டால் தொய்ந்து உயிரற்றுப் போகும். மூன்றாவது நிறம். நமக்குப் பிடித்த நிறத்தைத்தான் கை தானாக எடுக்கும். அவர் வழக்கமாக உடுத்தும் நிறங்களைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், வெளிப்படையாகக் கேட்டுவிட்டாலும் தப்பில்லை. ஆச்சரியப்படுத்த வேண்டும் என்ற ஆசையில் வீணாகும் பரிசுகள் அதிகம்.

உடை பின்னுவதானால் மாதிரித் துண்டைத் தவிர்க்கவே கூடாது. பேட்டர்ன் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்கிறது, மார்பளவு 100 சென்டிமீட்டருக்கு 200 கண்ணி போடுகிறீர்கள். உங்கள் கை கொஞ்சம் இறுக்கம், 22 கண்ணி வருகிறது என்றால் அந்த ஸ்வெட்டர் 91 சென்டிமீட்டரில் முடியும். யாருக்காகப் பின்னினீர்களோ அவருக்குச் சேராது. 15 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒன்று பின்னி, துவைத்துக் காயவைத்து, ஓரத்தை விட்டு நடுவில் அளந்து பாருங்கள். இறுக்கமாக இருந்தால் கையை மாற்ற முயல வேண்டாம், ஒரு அளவு பெரிய ஊசியை எடுங்கள்.

குழந்தைக்கு என்று வரும்போது அழகைவிடப் பாதுகாப்பு முக்கியம். முதல் ஒரு வருடம் குழந்தை தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வை எதுவும் வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. அதனால் நீங்கள் பின்னும் போர்வை மடியில் வைத்துக்கொள்ளவும், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது தரையில் விரிக்கவும்தான் என்று தங்கையிடம் சொல்லியே கொடுங்கள். ஓட்டை ஓட்டையான லேஸ் பின்னலில் குட்டி விரல்கள் மாட்டும், நெருக்கமான பின்னலாகப் போடுங்கள். குஞ்சம், நாடா, பொத்தான் வேண்டாம். பொம்மை செய்தால் பிளாஸ்டிக் கண்கள் மூன்று வயதுக்குக் கீழே ஆகாது, அவற்றுக்கு "பாதுகாப்புக் கண்" என்று பெயர் இருந்தாலும்கூட. பின்னல் தளர்ந்தால் அப்படியே கழன்று வந்துவிடும். நூலாலேயே கண்ணைத் தைத்துவிடுங்கள். குல்லா, ஸ்வெட்டர் என்றால் பிறந்த அளவுக்குப் பின்னாமல் ஆறு மாத அளவுக்குப் போடுவதே புத்திசாலித்தனம். பிறந்த அளவு சில வாரங்களில் சின்னதாகிவிடும்.

ஐந்து மாதம் தாராளமாகப் போதும், அந்த ஐந்து மாதமும் இது ஒன்றையே செய்துகொண்டிருக்க வேண்டாம். உங்களுக்கென்று ஒன்றைக் கூடவே ஆரம்பியுங்கள். யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை, தேதி கிடையாது, பிடிக்கவில்லையென்றால் பிரித்துவிடலாம். கைவேலையை வருடக்கணக்கில் விடாமல் செய்கிறவர்களைக் கவனித்தால், அவர்கள் கூடையில் சொந்தத்துக்கான வேலை ஒன்று கட்டாயம் இருக்கும். பரிசு மட்டுமே பின்னுகிறவர்கள் விழாக்காலம் நெருங்க நெருங்கக் கடன்காரரைப் போலத் தவிக்கிறார்கள். பிரிப்பதற்குப் பயப்படவும் வேண்டாம். இருபது வரிசைக்கு ஒருமுறை வேறு நிற மெல்லிய நூலை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஊசியால் கோத்து வைத்துவிட்டால், நிட்டிங்கில் எவ்வளவு பிரித்தாலும் அந்த வரிசையில் வந்து நின்றுவிடும். குரோஷாவில் அதுகூடத் தேவையில்லை, கடைசிக் கண்ணியில் ஓர் ஊக்கைக் குத்தி வைத்தால் போதும்.

கை வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாளெல்லாம் கணினியில் வேலை செய்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதே மணிக்கட்டுதான் மாலையிலும் உழைக்கப்போகிறது. அரை மணிக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டுக் கையை உதறி நீட்டுங்கள், ஊசியை இறுக்கிப் பிடிக்காமல் பழகுங்கள், பிடி தடிமனான கொக்கி ஊசி உங்களுக்குச் சௌகரியமாக இருக்கலாம். கட்டைவிரலிலும் அடுத்த விரல்களிலும் மரத்துப்போவதோ ஊசி குத்துவது போன்ற உணர்வோ தொடர்ந்தால், அது என் அறிவுக்கு அப்பாற்பட்டது. மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவரை பின்ன வேண்டாம்.

போர்வைக்கு வேண்டிய நூலை மொத்தமாக ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். உறையில் சாய எண் ஒன்று அச்சிட்டிருக்கும். எல்லா உருண்டைகளிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், எண் மாறினால் ஒரே நிறமும் பகல் வெளிச்சத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். முடித்ததும் ஒரு முறை துவைத்துக் கொடுங்கள், சாயம் கழலுமா என்பது உங்களிடமே தெரிந்துவிடும். கொடுக்கும்போது அந்த உறையையும், மிச்சமான நூலில் சில மீட்டரையும் ஒரு சின்ன அட்டையில் சுற்றி உள்ளே வையுங்கள். எப்படித் துவைப்பது என்று இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். எங்காவது இழை அறுந்தால் தைப்பதற்கு அதே நூல் அவர்கள் கையில் இருக்கும்.